பெர்ட்விசில்: அரிதான ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் ஊரைத் தேடுவது எப்படி?

என் பேத்தியின் பெயருக்குப் பின்னால் ‘பெர்ட்விசில்’ (Birtwistle) என்று வரும். மாப்பிள்ளை வழிப் பெயர். பள்ளியில் அவரவர் குடும்பப் பெயரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். “தாத்தா, விசில் அடிக்கிறவர்கள் என்று எழுதட்டுமா?” என்று கேட்டாள். இரண்டு நாளில் கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பதினான்கு மாதங்கள் ஆயின. நானூறு பவுண்டுக்கு மேல் செலவழிந்தது. அதில் முக்கால் பங்கு என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம். மருமகள், மருமகன், பேரப்பிள்ளைகள் வழியாக ஓர் ஆங்கிலப் பெயர் உங்கள் வீட்டுக்குள் வந்திருந்தால், அதன் வேரைத் தேடும் ஆசை உங்களுக்கும் ஒருநாள் வரும். அந்த அபராதத்தை நீங்கள் கட்ட வேண்டாம்.

பெயர் அரிதாக இருப்பது இந்த வேலையில் வரம். ஸ்மித்தையும் ஜோன்ஸையும் தேடுகிறவர்கள் பாவம். பெர்ட்விசிலைத் தேடினால் திரையில் வரும் ஆட்கள் ஒருவருக்கொருவர் உறவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

1. பெயரின் பொருளைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள்

எல்லோரும் முதலில் செய்வது பெயரை இணையத்தில் தட்டி, அதன் அர்த்தத்தைப் படிப்பது. நானும் அதையே செய்தேன். அரை மணி நேரத்தில் நான்கு விளக்கங்கள் கிடைத்தன. நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அர்த்தம் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் உட்காருங்கள்.

சம்பந்தியம்மாவிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் ஒரு ஞானஸ்நானச் சீட்டு, ஒரு கல்லறைக்கான ரசீது, நெசவாலையில் வேலை பார்த்ததற்கான ஒரு கடிதம். ஆறு மாதம் அந்த டப்பாவைப் பற்றி நான் கேட்கவே இல்லை, அவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டியவை மூன்று: தாத்தாவின் முழுப்பெயர், பாட்டியின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், அவர்கள் எந்த ஊரில் திருமணம் செய்தார்கள் என்பது. பிறந்த ஆண்டைத் தோராயமாகச் சொன்னால் போதும்.

2. பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கும் என்று பட்டியல் போடுங்கள்

நம் ஊரில் ஒரே பெயரை ரேஷன் அட்டையில் ஒரு விதமாகவும் பத்திரத்தில் வேறு விதமாகவும் எழுதுவார்கள் அல்லவா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்திலும் அதே கதைதான். பெயரைச் சொன்னவருக்கு எழுதத் தெரியாது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார்.

பெர்ட்விசிலில் ‘டபிள்யூ’வுக்குப் பின் ‘எச்’ சேர்ந்தும் வரும், சேராமலும் வரும். முதல் உயிரெழுத்து ‘ஐ’ ஆகவோ ‘யு’ ஆகவோ ‘ஈ’ ஆகவோ இருக்கும். பிற்பகுதியில் வரும் ‘டி’ எழுத்து உச்சரிப்பில் இல்லாததால் சில இடங்களில் எழுத்திலும் விழுந்துவிடும். தேடும் தளங்களில் ஐயமான எழுத்துக்குப் பதில் கேள்விக்குறியோ நட்சத்திரக் குறியோ போடலாம். பழைய கையெழுத்துப் பதிவைத் தளத்துக்காகப் பெயர்த்தெழுதியவர் முதலெழுத்தையே தவறாகப் படித்திருந்தால் அதுவும் உதவாது. அப்போது குடும்பப் பெயரைக் காலியாக விட்டு, கணவன், மனைவி, மூத்த பிள்ளை ஆகியோரின் முதற்பெயர்களையும் ஊரையும் மட்டும் கொடுத்துத் தேடுங்கள். நான் நான்கு மாதம் தேடிய ஒரு வீடு இப்படித்தான் பத்து நிமிடத்தில் கிடைத்தது.

‘எச்’ இருந்தால் வேறு குடும்பம் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். ஒரே தகப்பனின் இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

3. 1881-ஐ வைத்துப் பெயரின் வரைபடம் போடுங்கள்

இதற்குச் செலவே இல்லை. பலர் தாண்டிப் போய்விடும் படியும் இதுதான். 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் பெயர்ப் பட்டியல் ஃபேமிலி சர்ச் தளத்தில் இலவசம். கணக்குத் தொடங்கினால் போதும். குடும்பப் பெயரைக் கொடுத்து, மாவட்டம் மாவட்டமாக எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

நான் விழுந்த பள்ளம் எது தெரியுமா? வெறும் எண்ணிக்கையை வைத்து முடிவுக்கு வந்தது. ஆள் அதிகமுள்ள இடத்தில் எந்தப் பெயரும் அதிகமாகத்தான் இருக்கும். எண்ணிக்கையை மாவட்டத்தின் மக்கள்தொகையால் வகுத்து, லட்சத்துக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். 1881இல் வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய முப்பத்தைந்து லட்சம் பேர். அங்கே எழுபது பேர் இருந்தால் லட்சத்துக்கு இரண்டு. ஒன்றரை லட்சம் பேர் உள்ள ஒரு சிறிய மாவட்டத்தில் முப்பது பேர் இருந்தாலே லட்சத்துக்கு இருபது. வேர் இரண்டாவது இடத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். (இந்த எழுபதும் முப்பதும் கணக்கைப் புரிய வைக்க நான் போட்டவை.)

பெர்ட்விசில் விஷயத்தில் வகுத்தாலும் வகுக்காவிட்டாலும் விடை லங்காஷயர்தான். அதிலும் கிழக்குப் பகுதி: பர்ன்லி, பேடிஹம், அக்ரிங்டன், பிளாக்பர்ன் வட்டாரம். இசையமைப்பாளர் ஹாரிசன் பெர்ட்விசில் 1934இல் பிறந்ததும் இதே அக்ரிங்டனில்தான். பஞ்சாலைகள் பெருகிய காலத்திலும் பெயர் பெரும்பாலும் சொந்த மண்ணிலேயே நின்றது. காரணம் எளிது. ஆலை வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது, பிழைப்புத் தேடி ஏன் போக வேண்டும்?

‘எச்’ சேர்த்து எழுதிய ஒரு கிளை மட்டும் வெளியே தெரிகிறது. யார்க்ஷயரின் ஸ்கிப்டனில் பெரிய மாட்டு வியாபாரிகளாக இருந்த பெர்ட்விசில்கள், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தின் தென்மேற்கே கேட்ஹவுஸ் ஆஃப் ஃப்ளீட் என்ற ஊரில் பஞ்சாலை தொடங்கினார்கள். வரைபடத்தில் தனியாக ஒரு புள்ளி விழுந்தால் அதை அழித்துவிடாதீர்கள், பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு தொழில் இருக்கும். ஸ்காட்லாந்துப் பதிவுகள் முற்றிலும் வேறு அலுவலகத்தைச் சேர்ந்தவை. ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

4. சான்றிதழ்கள்: பணம் போகும் இடம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசு பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1. சான்றிதழ்களைப் பொதுப் பதிவு அலுவலகத்தின் தளத்தில் நேரடியாக வாங்கலாம். நான் கடைசியாக வாங்கியபோது இருந்த கட்டணம்: காகிதச் சான்றிதழ் பன்னிரண்டரை பவுண்டு, பிடிஎஃப் எட்டு பவுண்டு, பதிவேட்டுப் பக்கத்தின் படம் மட்டும் என்றால் மூன்று பவுண்டு. கட்டணம் அவ்வப்போது ஏறுகிறது, பணம் கட்டும் முன் பாருங்கள். படம் உடனே திரையில் வந்துவிடும். மற்றவற்றுக்குச் சில வேலை நாட்கள். இந்தியாவுக்குத் தபாலில் வர வேண்டுமென்றால் வாரக்கணக்கு.

மூன்று பவுண்டுப் படம் எல்லாவற்றுக்கும் கிடையாது. நூறு ஆண்டு கடந்த பிறப்புகளுக்கும் பழைய இறப்புகளுக்கும்தான் உண்டு. திருமணத்துக்குக் காகிதம் மட்டுமே.

இது தெரியாமல் நான் முதல் இரண்டு மாதத்தில் பதினான்கு காகிதச் சான்றிதழ்கள் வாங்கினேன். 175 பவுண்டு. அவற்றில் ஐந்து வேறு ஆட்களுடையவை. ஜான், ஜேம்ஸ், வில்லியம், தாமஸ் என்ற நான்கு பெயர்களை வைத்துக்கொண்டே இந்தக் குடும்பம் இருநூறு ஆண்டு ஓட்டியிருக்கிறது!

வாங்கும் முன் இலவசமாகவே வடிகட்டலாம். வழி இதுதான். ஃப்ரீபிஎம்டி என்ற தன்னார்வலர் தளத்தில் பழைய அட்டவணைகள் இலவசம். ஆனால் அந்த அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். இறந்தவரின் வயது 1866இலிருந்துதான் வரும். பொதுப் பதிவு அலுவலகமோ தனக்கென்று ஒரு புதிய அட்டவணை செய்திருக்கிறது. அதில் இரண்டுமே 1837இலிருந்து உண்டு. உள்நுழைந்து தேடுவது இலவசம். பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேளுங்கள் என்று முதல் படியில் சொன்னது இதற்காகத்தான். அது தெரிந்தால் ஐந்து ஜேம்ஸ்களில் நான்கு பேர் தாமாகவே விலகிவிடுவார்கள்.

அந்த அட்டவணையில் திருமணங்கள் கிடையாது. திருமணத்தை ஃப்ரீபிஎம்டியில் தேடி, தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் குறித்துக்கொண்டு ஆர்டர் செய்யுங்கள். எண் இல்லாமல் ஆர்டர் செய்தால் அவர்கள் தேடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. காகிதத்துக்குப் பணம் கொடுப்பதென்றால் திருமணச் சான்றிதழுக்கே கொடுங்கள். அதில் மணமகன், மணமகள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். ஒரே தாளில் இரண்டு தலைமுறை. பெரியவர்களின் பழைய இறப்புச் சான்றிதழில் பொதுவாகப் பெற்றோர் பெயர் இருக்காது, அதனால் அதை வாங்க அவசரப்பட வேண்டாம்.

இன்னும் சில பள்ளங்கள்:

அட்டவணையிலுள்ள காலாண்டு, பதிந்த தேதியைக் குறிப்பது. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில் இருக்கலாம்.

பதிவு வட்டத்தின் பெயரும் பிறந்த ஊரின் பெயரும் வேறு. அக்ரிங்டனில் பிறந்தவரை ஹேஸ்லிங்டன் வட்டத்தில் தேட வேண்டும். பேடிஹம் என்றால் பர்ன்லி.

1875க்கு முன் பிறப்பைப் பதியாமல் விட்டால் பெற்றோருக்குத் தண்டனை இல்லை. ஆகவே சில குழந்தைகள் பதிவிலேயே இருக்க மாட்டார்கள். அவர்களைத் தேவாலயத்தில் தேடுங்கள்.

தந்தை பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் கோடு இருந்தால் பதறாதீர்கள். மணமாகாத தாயின் பிள்ளை, தாயின் குடும்பப் பெயரையே பெற்றிருக்கும். எங்கள் கிளையில் அப்படி ஒருவர் உண்டு. அதை எப்படிச் சொல்வது என்று நான் ஒரு வாரம் தயங்கினேன். சம்பந்தியம்மா சிரித்துவிட்டு, “அது எங்களுக்குத் தெரியும்” என்றார்.

5. மக்கள்தொகைக் கணக்கில் வீடு வீடாகப் பின்னோக்கிப் போங்கள்

1841இலிருந்து 1921 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்குகள் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளன. 1931இன் கணக்கு 1942இல் தீயில் போய்விட்டது. 1941இல் போர் காரணமாக எடுக்கவேயில்லை. இந்த ஓட்டையை அடைக்க 1939ஆம் ஆண்டுப் பதிவேடு இருக்கிறது.

1851இலிருந்து பிறந்த ஊர் இருக்கும். 1841இல் அதே மாவட்டத்தில் பிறந்தவரா இல்லையா என்பது மட்டுமே. அதே கணக்கில் பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள். 1841இல் முப்பது என்று இருப்பவருக்கு முப்பத்து நான்கு வரை இருக்கலாம். இதை மறந்து, தகப்பனையும் மகனையும் நான் அண்ணன் தம்பி ஆக்கிவிட்டேன்.

படங்களுக்கு ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற தளங்களில் சந்தா வேண்டும். சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் வட்டார நூலகத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில் பல பொது நூலகங்களின் கணினியில் இவற்றில் ஒன்றாவது இலவசம். வீட்டிலிருந்தே பார்க்க ஆசைப்பட்டு நான் ஓராண்டுச் சந்தா கட்டினேன். அது தானாகப் புதுப்பித்துக்கொண்டு இரண்டாம் ஆண்டுக்கும் பணத்தை எடுத்துவிட்டது. முப்பத்து நான்கு ஆண்டு வங்கியில் வேலை பார்த்தவனுக்கு இது தேவைதான். ஒரு மாதச் சந்தா போதும். தேட வேண்டியதையெல்லாம் முதலில் எழுதி வைத்துக்கொண்டு, கட்டிய அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

ஓர் ஆள் இரண்டு கணக்குகளில் காணாமல் போய், பிறகு பிள்ளைகளோடு திரும்பி வந்தால் பட்டாளத்தை நினையுங்கள். பிள்ளை பிறந்த இடம் ‘ஈஸ்ட் இண்டீஸ்’ என்று இருந்தால் நமக்கு வேலை சுலபம். சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தனி வரிசையாக இருக்கின்றன. ஃபிபிஸ் என்ற சங்கம் தன் தளத்தில் அத்தகைய பெயர்கள் பலவற்றை இலவசமாகத் தேட விடுகிறது.

6. 1837க்கு முன்: தேவாலயப் பதிவேடுகள்

பதிவேடு வைக்க வேண்டும் என்ற ஆணை 1538இல் வந்தது. ஆனால் எல்லாத் தேவாலயத்திலும் முதல் பக்கத்திலிருந்து பிழைத்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். லங்காஷயரைத் தேடுகிறவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம்: லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் என்ற தன்னார்வலர்கள் பதிவேடுகளைப் பெயர்த்தெழுதி இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். இந்தப் படியில் எனக்கு ஒரு பவுண்டுகூடச் செலவாகவில்லை.

எந்தத் தேவாலயம் என்பதுதான் குழப்பம். பேடிஹமில் புனித லியோனார்டு தேவாலயம் இருந்தாலும், அது பழைய காலத்தில் வாலி என்ற மிகப் பெரிய பங்கின் (ஒரு தேவாலயத்தின் ஆளுகைக்கு உட்பட்ட வட்டாரம்) கிளை. ஒரே குடும்பம் ஒரு பிள்ளைக்கு இங்கும் இன்னொரு பிள்ளைக்கு அங்கும் ஞானஸ்நானம் செய்திருக்கும். மெதடிஸ்டாகவோ பாப்டிஸ்டாகவோ இருந்தால் இரண்டிலும் இல்லாமல் போகலாம். அவர்களுடைய சபைப் பதிவேடுகளில் பல தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும்.

1733 வரை லத்தீன் வரலாம். பயப்பட வேண்டாம், பெயரும் ‘மகன்’, ‘மகள்’ என்ற சொற்களும் தெரிந்தால் போதும். தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721. ஆண்டை மாற்றாமல் படித்தால், 1720 மே மாதம் மணம் முடித்தவர்களுக்கு அதே ஆண்டு பிப்ரவரியிலேயே குழந்தை பிறந்துவிட்டதாகத் தோன்றும்.

1858 ஜனவரிக்கு முந்தைய உயில்கள் சர்ச் நீதிமன்றங்களுடையவை. லங்காஷயரின் தென்பகுதி செஸ்டர் மறைமாவட்டத்தின் கீழ் வந்தாலும், லங்காஷயர்க்காரர்களின் உயில்கள் பிரஸ்டனில் உள்ள லங்காஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நெசவாளிக்கு என்ன உயில் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு தறியும் ஒரு பசுவும் இருந்தவர்கூட எழுதியிருக்கிறார்.

7. இப்போது அர்த்தத்தைப் பாருங்கள்

வரைபடமும் காகிதமும் ஒரே வட்டாரத்தைக் காட்டிய பிறகுதான் அகராதியைத் திறக்க வேண்டும். 2016இல் நான்கு தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு குடும்பப் பெயர் அகராதியில் 45,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்காதீர்கள், விலை கேட்டால் மயக்கம் வரும். பல நூலகங்களின் உறுப்பினர் அட்டை எண்ணைக் கொண்டே வீட்டிலிருந்து படிக்கலாம்.

விசிலுக்கும் இந்தப் பெயருக்கும் ஒட்டுறவே இல்லை. பெர்ட்விசில் ஓர் ஊர்ப்பெயர். பழைய ஆங்கிலத்தில் ‘பிரிட்’ என்றால் பறவைக் குஞ்சு, ‘ட்விஸ்லா’ என்றால் இரண்டு ஓடைகள் சேரும் கவட்டை நிலம். நாம் கூடல் என்போமே, ஏறக்குறைய அது. போல்டனுக்கு வடக்கே என்ட்விசில், அக்ரிங்டனுக்குப் பக்கத்தில் ஆஸ்வால்ட்விசில் என்று அதே விகுதியுள்ள ஊர்கள் இன்றும் இருக்கின்றன. பெர்ட்விசில் என்ற ஊர் மட்டும் இல்லை. பேடிஹம், ஹேப்டன் பக்கம் இருந்து மறைந்துபோன ஊர் அது. பெயர் மட்டும் ஆட்களோடு தங்கிவிட்டது.

ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் ஊர்ப்பெயர் ஒட்டும். மதுரையில் யாரும் யாரையும் மதுரைக்காரர் என்று கூப்பிடுவதில்லை. ஆகவே அந்த ஊரின் எல்லைக்குள்ளேயே பெயரைத் தேடாதீர்கள். சுற்றியுள்ள நடைதூர ஊர்களில் தேடுங்கள்.

8. பணத்தை விழுங்கும் இரண்டு இடங்கள்

ஒன்று, ‘உங்கள் குடும்பச் சின்னம்’ விற்கும் கடைகள். ஒரு சுற்றுலாத் தலத்தில் முப்பத்தைந்து பவுண்டுக்குப் பெர்ட்விசில் சின்னம் என்று சட்டமிட்ட ஒரு படத்தை வாங்கி வந்தேன். இங்கிலாந்துச் சட்டப்படி சின்னம் ஒரு குறிப்பிட்ட மனிதருக்கும் அவர் வழி வாரிசுகளுக்கும் தரப்படுவது. ஒரு பெயருக்குச் சின்னம் என்பதே கிடையாது. கேட்க வேண்டிய இடம் லண்டனில் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். அந்தப் படம் இப்போது எங்கள் கழிவறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

இரண்டு, மரபணுச் சோதனை. விளம்பரத்தில் வரும் மலிவான சோதனை குடும்பப் பெயருக்கு அவ்வளவாக உதவாது. தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம் சோதனைதான் வேண்டும். அதற்கு அந்தப் பெயரைத் தந்தைவழியில் தாங்கும் ஆண் சம்மதிக்க வேண்டும். லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாற்பது பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களைச் சோதித்து, அரிதான பெயர்க்காரர்கள் ஒரே மூதாதையைப் பகிர வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். நல்ல செய்திதான். ஆனால் ஒப்பிட அதே பெயருள்ள இன்னொருவர் சோதித்திருக்காவிட்டால் உங்கள் பணம் சும்மா கிடக்கும். முதலில் கில்ட் ஆஃப் ஒன்-நேம் ஸ்டடீஸ் தளத்தில் உங்கள் பெயரை யாராவது பதிந்து ஆராய்கிறார்களா என்று பாருங்கள். பதிந்தவருக்கு எழுதிக் கேட்டால், நீங்கள் ஆறு மாதம் தேடப்போவது அவருடைய கோப்பில் தயாராக இருக்கலாம்.

9. காப்பகத்துக்குப் போகும் நாள்

இணையத்தில் எல்லாம் தீர்ந்த பிறகு போங்கள். பல மாவட்டக் காப்பகங்களில் ஒரே வாசகர் அட்டை செல்லும், கட்டணமில்லை. அட்டைக்குப் பெயருக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். மகள் வீட்டில் தங்கியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இங்குதான் சிக்கல், பாஸ்போர்ட்டில் இங்கிலாந்து முகவரி இருக்காது. கையில் என்ன தாள் இருக்கிறது என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் சொல்லி, அது போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் நாட்களையும் பாருங்கள், எல்லா நாளும் திறப்பதில்லை. வேண்டிய ஆவணங்களின் எண்களை முந்திய நாளே அனுப்பிவிட்டால் அரை நாள் மிச்சம். பேனா உள்ளே போகாது. பென்சில் எடுத்துப் போங்கள்.

எங்கள் கிளை இப்போது 1750களில் நிற்கிறது. ஒரே பங்கில், மூன்றாண்டு இடைவெளியில், ஞானஸ்நானம் பெற்ற இரண்டு ஜேம்ஸ் பெர்ட்விசில்கள். எவர் நம்மவர் என்று சொல்ல உயில் ஏதாவது கிடைக்க வேண்டும். வம்ச வரைபடத்தில் இருவரையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பேத்தி, பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய அந்த ஒரு பக்கத்தை எப்போதோ கொடுத்துவிட்டாள். விசில் அடிக்கிறவர்கள் என்றே எழுதியிருந்தாளாம்.